மட்டக்களப்பு - கொழும்பு: வான்வழித் தூரமும் பயண நேரமும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே திமிலைதீவில் அமைந்துள்ள விமான நிலையத்துக்கும் கொழும்பின் தென்புறத்தேயுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றராகும். தரைவழியே பொலன்னறுவை, ஹபரணை எனச் சுற்றிக் கொழும்பை அடைவதாயின் 300 கிலோமீற்றருக்கு மேல் கடக்க வேண்டும். பஸ்ஸில் ஏழு மணித்தியாலங்களும் ரயிலில் அதற்கும் கூடுதலாகவும் கழிந்துவிடுகின்றன.

வானத்தில் இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானத்துக்கு 44 நிமிடங்கள் என்பது வெறும் வகுத்தற் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மேற்கு நோக்கிச் செல்லும் விமானம் மணிக்கு 40 கிலோமீற்றர் எதிர்க்காற்றைச் சந்தித்தால் அது 51 நிமிடங்களாகும். திரும்பி வருகையில் அதே காற்று பின்னின்று தள்ள, 39 நிமிடங்களே போதும். மேலெழவும் கீழிறங்கவும் தரையில் ஊர்ந்து செல்லவும் எடுக்கும் நேரத்தை இவற்றுடன் சேர்க்க வேண்டும். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே சுமார் 355 கிலோமீற்றர் தூரமேயிருக்க, மணிக்கு 500 கிலோமீற்றர் வேகங்கொண்ட ஏ.ரி.ஆர். விமானத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் ஒதுக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

எனினும் எமது மக்களின் சிக்கல் இந்த நிமிடங்களில் இல்லை. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் உம்ராவுக்குச் செல்வோரும், படுவான்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் பெண்களும் போய்ச் சேரவேண்டிய இடம் இரத்மலானையன்று, கட்டுநாயக்க. இரத்மலானையில் இறங்குபவர் பொதிகளுடன் கொழும்பு நகரை ஊடறுத்து இன்னும் 40 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே செல்ல வேண்டும். நெரிசல் வேளையில் அந்த வீதிப் பயணம் ஆகாயப் பயணத்தை விஞ்சிவிடும். இதைவிட முதல்நாள் இரவே வேனில் புறப்படுவதுதான் இலாபம் என அவர்கள் கணக்கிடுவதில் தவறேதும் இல்லை.

1983 முதல் விமானப் படையின் தளமாகவிருந்த இந்நிலையம், 2018 மார்ச்சில் சிவில் விமானச் சேவைக்குக் கையளிக்கப்பட்டது. ஆயினும் பின்னர் வந்த சிறிய விமானங்கள் பெரிதும் சுற்றுலாப் பயணிகளை நம்பியவையே. பத்துப் பன்னிரண்டு ஆசனங்களுக்கிடையில் எரிபொருள், விமானி, பராமரிப்புச் செலவுகளைப் பங்கிடும்போது கட்டணம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாததாகிவிடுகிறது. எழுபது ஆசனங்கள் கொண்ட ஏ.ரி.ஆர். விமானத்தில் அதே பங்கீடு வேறு விதமாக அமையும். ஓடுபாதையின் நீளம் சுமார் 1,560 மீற்றர். இவ்வகை விமானத்துக்கு இது போதுமானது. வளைகுடாவுக்கு நேரடியாகப் பறக்கும் பெரிய ஜெற் விமானங்களுக்கோ இது போதாது. தேர்தல் மேடைகளில் ஜித்தாவுக்கும் டுபாய்க்கும் நேரடிச் சேவை என முழங்குவோர் இந்த அளவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

திமிலைதீவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான்வழித் தூரம் 200 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். சர்வதேச விமானங்களின் நேரத்தை அனுசரித்து, வாரத்தில் சில நாட்களேனும் நாள் தவறாது அங்கு செல்லும் ஓர் ஏ.ரி.ஆர். சேவையையே இருசமூகப் பிரதிநிதிகளும் ஒன்றிணைந்து கோர வேண்டும்.