ஒரே வேன், மூன்று பேட்டரி: குற்றவாளி யார்?

திங்கட்கிழமை அதிகாலை 5.40. கைப்பேசி ஒலித்தால் எடுத்துப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம், மாமாதான். ஜெலுத்தோங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறார். 11 பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றி 7.15-க்குள் பள்ளியில் விட வேண்டும். அன்று நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்ததாம்.

"மறுபடியும் பேட்டரி செத்துப்போச்சுப்பா. பெற்றோர்கள் போன் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. உன் காரைக் கொண்டு வர்றியா?"

ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் 20 நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குப் போனார்கள். ஒரு தாயார் அன்றே வேறு வேன் தேடப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த வருத்தத்தில் மாமா, மாலையில் நான்காவது பேட்டரி வாங்கக் கிளம்பிவிட்டார். 20 மாதங்களில் மூன்று பேட்டரிகள், மூன்றும் வெவ்வேறு தயாரிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 280 வெள்ளி.

"இப்ப வர்ற பேட்டரி எல்லாமே மட்டம்" என்பது மாமாவின் முடிவு. "ஒரு வாரம் பொறுங்க மாமா, அளந்து பார்த்துட்டு வாங்குவோம்" என்றேன். "என்ன வாத்தியாரே, செத்ததுக்குப் பிரேதப் பரிசோதனையா?" என்று சிரித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மாணவர்களே, மூன்று தயாரிப்புகளும் ஒரே மாதிரி கெட்டுப்போனால் சந்தேகம் முதலில் எங்கே போக வேண்டும்? பேட்டரி மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் இருப்பது வேன்.

அளப்பதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1859-இல் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே, இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யக்கூடிய முதல் மின்கலம் அப்படித்தான் பிறந்தது. இன்று வேனில் இருப்பதும் அதன் வாரிசுதான். ஒரு தகட்டில் ஈயம், மறுதகட்டில் ஈய டைஆக்சைடு, இடையில் நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறை சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். '12 வோல்ட் பேட்டரி' என்று நாம் சொல்வது பேச்சு வழக்குதான்.

மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்தால் அந்தச் சல்பேட் கரைந்து பழைய நிலை திரும்பும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சீக்கிரம் ஏற்ற வேண்டும். புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய துகள்களாக இருக்கும், எளிதில் கரையும். பேட்டரியை இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால் துகள்கள் பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடும். பிறகு முழுவதும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது. உலகெங்கும் வாகன பேட்டரிகள் வயதுக்கு முன்பே சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை நம் நாடே ஒருமுறை கண்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. சாவியை எடுத்த பிறகும் கடிகாரமும் அலாரமும் கணினிப் பெட்டியும் சிறிதளவு மின்னோட்டம் குடித்துக்கொண்டே இருக்கும். 0.05 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 21 நாள்களில் 25 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் பேட்டரி மொத்தமே 45 ஆம்பியர்-மணிதான். நல்ல பேட்டரிக்கே இந்தக் கதி. என் காரும் அந்த வருடம் முடங்கியது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

மாமாவின் வேனுக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றிச் சிறிய சார்ஜரில் ஓர் இரவு முழுக்க ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டேன். மல்டிமீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. ஓய்வில் 12.6-க்கு மேல் இருந்தால் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. எனவே இது கொஞ்சம் அடிபட்ட பேட்டரிதான், ஆனால் பிணம் அல்ல.

அடுத்து அதை வேனில் மாட்டி, மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு மாமாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அந்த நொடியில் 10.1 வோல்ட்டுக்கு இறங்கியது. இங்கேதான் ஐந்தாம் படிவ இயற்பியலில் நீங்கள் 'ரிந்தாங்ஙான் டாலாம்' என்று படிக்கும் அக மின்தடை வருகிறது. ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 2.4 வோல்ட்டை 120-ஆல் வகுக்க 0.02 ஓம். தேர்வுத் தாளில் அற்பமாகத் தெரியும் எண். அதுவே 0.04 ஓம் ஆகியிருந்தால் மின்னழுத்தம் 7.7-க்கு விழுந்திருக்கும், இயந்திரம் சுழன்றிருக்காது. கிளப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரி தாங்கும் என்பது பட்டறைகளில் பொதுவான கணக்கு.

பேட்டரி தேறிவிட்டது. அப்படியானால் அதற்குச் சோறு போடும் ஆல்டர்னேட்டர்? இயந்திரம் ஓடும்போது 14.2 வோல்ட். 13.8-இலிருந்து 14.5 வரை சரியான அளவு. 13.5-க்குக் கீழே என்றால் பேட்டரி அரைவயிறாகவே கிடக்கும். 15-ஐத் தாண்டினால் நீர் பிரிந்து ஆவியாகி, தகடுகள் அரித்துப்போகும். இங்கும் குறை இல்லை.

வெப்பத்தையும் சந்தேகப்பட்டேன். பினாங்கில் குளிர்காலம் கிடையாது. வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு 1889-இல் அர்ரேனியஸ் ஒரு சமன்பாடு தந்தார். பேட்டரித் துறையினர் அதைச் சுருக்கி ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. குளிர்நாட்டில் ஐந்தாறு வருடம் உழைக்கும் பேட்டரி, நம் வெயிலில் நின்ற வாகனத்தின் போனட்டுக்குள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போவதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் வெயில் கொல்வது மெதுவாக. மாமாவின் பேட்டரிகளோ ஆறேழு மாதத்தில் போயின. மேலும், அவை போன தேதிகள் விசித்திரமாக இருந்தன.

மாமியிடம் கேட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். முதல் பேட்டரி, ஒரு வாரப் பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள் போயிருந்தது. இரண்டாவது, தீபாவளிக்கு மகள் காரில் ஈப்போ போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியபோது. மூன்றாவது, இப்போது, நீண்ட விடுமுறைக்குப் பிறகு. "திங்கட்கிழமை காலையில எப்பவுமே கொஞ்சம் முக்கும்" என்று மாமா சாதாரணமாகச் சொன்னார். அதுதான் சாட்சியம் என்று அவருக்குத் தெரியவில்லை. வேன் ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை, நிற்கும்போதுதான் எதுவோ குடிக்கிறது!

இரண்டாவது பேட்டரியை உத்தரவாதத்தில் மாற்றப் போனபோது கடைக்காரர், "இதில கோளாறு இல்ல, சார்ஜ்தான் இறங்கியிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மாமா கோபப்பட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். பாவம், அந்தக் கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை.

இனி அளக்க வேண்டியது மின்னோட்டம். எல்லாக் கதவையும் மூடி, சாவியை எடுத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். புதிய வாகனங்களில் கணினிகள் உறங்க அரை மணி நேரம்கூட ஆகும், பொறுமை தேவை. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது. முதல் முயற்சியில் "கிளப்பிப் பார்க்கவா?" என்று மாமா கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் திருப்பிவிட்டார். மீட்டரின் ஃபியூஸ் போனது. (நல்லவேளை, அது என் சொந்த மீட்டர், பள்ளியுடையது அல்ல.)

ஃபியூஸை மாற்றி மறுபடி அளந்தேன். 0.31 ஆம்பியர். இருக்க வேண்டிய அளவோ 0.05-க்குள்.

வேனின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ, மாற்றமில்லை. உள்விளக்கு, மாற்றமில்லை. ஆறாவதைப் பிடுங்கியதும் எண் 0.02-க்கு விழுந்தது. அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டேஷ்கேமில் முடிந்தது. வேன் நிற்கும்போதும் படம் பிடிப்பதற்காக, எப்போதும் மின்சாரம் இருக்கும் இணைப்பில் அதைக் கோத்திருக்கிறார்கள். மாமி பழைய ரசீதுகளைக் கிளறினார். வேனோடு வந்த பேட்டரி இரண்டரை வருடம் உழைத்து ஓய்ந்த அன்று, புதிய பேட்டரியும் டேஷ்கேமும் ஒரே ரசீதில் இருந்தன.

45 ஆம்பியர்-மணியை 0.31-ஆல் வகுத்துப் பாருங்கள். 145 மணி நேரம், அதாவது ஆறே நாள். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் அதிகாலை வரை 59 மணி நேரத்தில் 18 ஆம்பியர்-மணி கரைகிறது. "அதான் தினமும் வேன் ஓடுதே, ஏறிடாதா? வேணும்னா பாலத்தை ஒரு சுற்று சுற்றிட்டு வர்றேன்" என்றார் மாமா. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். போய்வர அரை மணி நேரம். ஈய அமில பேட்டரி முதலில் வேகமாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் கடைசி 20 விழுக்காட்டை ஏற்றிக்கொள்ளப் பல மணி நேரம் எடுக்கும். காலையில் டத்தோ கிராமட் சாலை நெரிசலில் குளிர்சாதனத்தோடு ஊர்ந்து, பிறகு மதியம் வரை நிற்கும் வேனுக்கு அந்தக் கடைசிப் பங்கு கிடைப்பதே இல்லை. குறைந்த நிலையிலேயே நாள்கள் ஓட, சல்பேட் படிகங்கள் வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. விடுமுறைகள் மிச்சத்தை முடித்துவைத்தன.

டேஷ்கேமின் இணைப்பைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றினோம். கால் மணி நேர வேலை. இப்போது அதே 45 ஆம்பியர்-மணி, 0.02 ஆம்பியரில் 90 நாளுக்கு மேல் தாங்கும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு மின்னழுத்தத்தைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து நீங்களே அளக்கலாம். கம்பி கழற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிவரும், ஒரு தீப்பொறி போதும். மோதிரம், காப்பு எதுவும் கையில் வேண்டாம். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது எங்கள் வட்டாரப் போர்மேன் ஒருவரின் கருத்து.

மாமா மாற்றிய முதல் இரண்டு பேட்டரிகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஈய பேட்டரி, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 102 என்ற குறியீடு கொண்ட 'புவாங்ஙான் தெர்ஜாடுவால்', அதாவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கழிவு. குப்பையில் போடவோ, உடைத்து ஈயம் எடுக்கவோ கூடாது. அந்த இரண்டும் உண்மையிலேயே செத்திருந்தனவா என்று இப்போது யாரும் அளக்க முடியாது.

'செத்துப்போன' மூன்றாவது பேட்டரி அதற்குப் பிறகு 11 மாதம் ஓடியது. இடையில் ஒரு தீபாவளியும் இரண்டு விடுமுறைகளும் வந்துபோயின. மாமா 35 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிறு மாலையானால் அடுக்குமாடியின் கீழே யாராவது ஒருவரின் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.