இமாலயப் பனியாறுகளும் ஒரு பிழையான ஆண்டும்

பூமியின் உஷ்ணநிலை உயர்ந்து வருகிறது என்பதிலும், மனிதன் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றிலிருந்து வெளிப்படும் கரியமில வாயுவே அதற்கு முக்கிய காரணம் என்பதிலும் விஞ்ஞானிகளிடையே இன்று ஐயமில்லை. விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது பற்றியே விவாதம் நடைபெறுகிறது. அவ்விவாதத்தில் இமாலயப் பனியாறுகளைச் சுட்டி, "ஒரு முறை தவறியவர்கள் கூறுவதை எவ்வாறு நம்புவது?" என்று மாணவர்களும் கிராம மக்களும் கேட்கக்கூடும். விடை கூறுவதற்கு, நடந்ததை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

பருவநிலை மாறுதல் பற்றிய பன்னாட்டு அரசாங்கக் குழு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட நான்காவது அறிக்கையின் ஒரு பகுதியில், இப்பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி. கே. ரெய்னா எழுதி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 நவம்பரில் வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகக் கூறிற்று: பனியாறுகள் பின்வாங்குகின்றன, ஆனால் அசாதாரண வேகத்தில் அல்ல. கடும் வாக்குவாதம் எழுந்தது. 2010 ஜனவரியில் குழு தன் பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. விஞ்ஞானிகளின் முறையான பரிசீலனைக்கு உட்படாத ஓர் அறிக்கையிலிருந்து அவ்வாண்டு எடுக்கப்பட்டிருந்தது.

இப்பிழையைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு 650 பனியாறுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, 2000-க்கும் 2016-க்கும் இடையே அவற்றின் கனம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர் குறைந்தது. நூறு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி இவ்வேகத்தில் உருகித் தீர இருநூறு ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டுகளில் மறைய இயலாது. ஆயினும், 1975 முதல் 2000 வரை இருந்ததைப்போல் இது இரு மடங்கு வேகம் என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டிற்று. வேகமே வளரும்போது, இருநூறு ஆண்டுகள் என்ற ஆறுதலும் நிலைப்பதன்று.

காட்மாண்டுவில் உள்ள மலைப்பகுதி வளர்ச்சிக்கான சர்வதேச மையம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு இதனை வலியுறுத்துகிறது. உலக உஷ்ணநிலை உயர்வு 1.5 டிகிரிக்குள் கட்டுப்படுத்தப்பட்டாலும், இந்நூற்றாண்டின் முடிவுக்குள் இந்துகுஷ், இமாலயப் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு அழியும்; கரியமில வாயு இப்போதுபோலவே வெளியேறி வந்தால் மூன்றில் இரு பங்கு அழியும். ஆகவே, பிழை ஆண்டைப் பற்றியதேயன்றி, உருகுதலைப் பற்றியதன்று.

இது யாருக்குக் கவலை தருவது? கங்கை பெரும்பாலும் பருவமழையால் பெருகுவது; சிந்து நதிக்கோ பனி உருகி வரும் நீர் பேராதாரம். பனியாறு உருகுகையில் முதலில் நீர் மிகும். பின்னர் ஆண்டுக்காண்டு குறையும். மழை அரிதான லடாக்கில் பார்லி பயிரிடும் உழவருக்கு வேறு நீர் இல்லை.

எனவே, ஊழியர்களும் ஆசிரியர்களும் அபாயத்தை மிகைப்படுத்தவும் வேண்டாம். குறைத்துக் கூறவும் வேண்டாம். எந்த எண்ணைக் கூறினாலும், அதை அளந்தவர் யார், எவ்வாறு அளந்தார் என்பதையும் உடன் கூறுக. பிழை திருத்தப்பட்டதை மறைத்தல் ஆகாது. அதனை எடுத்துச் சொல்லும் ஆசிரியரின் மற்ற சொற்களையும் மாணவர் நம்புவர்.