கதிரை கேக்கிறது வெக்கமில்லை

எபிசோடில கதிரையைப் பற்றி ஒரு நிமிசம்தான் கதைச்சனான். மிச்சம் இங்க.

ஏஜென்சி மூலம் போற ஐ.டி. ஆளுக்கு எந்த ஒஃபிசிலயும் மிஞ்சின கதிரைதான். போன வருசம் எனக்குக் கிடைச்சது கைபிடி உடைஞ்சது. தனி ஸ்கிரீனும் இல்லை, லாப்டொப் மட்டும். 6ஆம் கிழமை கழுத்து திரும்பேல்லை. 3 நாள் வீட்டில. ரிலீஸ் தள்ளிப்போச்சு, 5 பேர் எனக்காகக் காத்திருந்தினம். நல்ல கதிரை ஒண்டின்ர விலை, என்ர ஒரு நாள் பில்லுக்குக் கிட்டத்தான்!

அதிலும் விலைகூடின கதிரைதான் வேணும் எண்டில்லை. சூரிச் ஈ.டி.எச். பேராசிரியர் எத்தியேன் கிரான்ஜான் 1983இல் வெளியிட்ட ஆய்வில, கம்ப்யூட்டரில வேலை செய்யிறவையை அவையின்ர விருப்பத்துக்கு விட்டால் 90 பாகையில நிமிர்ந்து இருக்கேல்லை, கொஞ்சம் பின்னுக்குச் சாஞ்சுதான் இருந்தவை. ஆளுக்கேற்ற மாதிரி மாத்தக்கூடியதா இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

சட்டமும் இருக்கு. 1993ஆம் ஆண்டின் தொழிற்சட்ட 3ஆம் ஒழுங்குவிதி, வேலையிடம் எர்கோனொமிக் முறைப்படி இருக்கவேணும் எண்டு சொல்லுது. இரவலாக எடுத்த ஆளுக்கும் அதே கடமைதான். நிரந்தர ஆளுக்கு வருத்தம் வந்தால், முதல் வருசத்திலயே குறைஞ்சது 3 கிழமைச் சம்பளம் முதலாளியின்ர பொறுப்பு (காப்புறுதி இருந்தால் வேற கணக்கு).

என்ர அப்பா 20 வருசம் ரெஸ்டோரன்ட் கிச்சினில நாரி நோவோட நிண்டவர். ஒண்டும் கேக்கேல்லை. நானும் முதல்ல கேக்கேல்லைத்தான்.

பிறகு டீம் லீட்டுக்கு ஒரு மெயில் போட்டன். கழுத்து நோவைப் பற்றி ஒரு வரி, 3 நாள் நட்டத்தைப் பற்றி நாலு வரி. 2 கிழமையில ஸ்கிரீனும் கதிரையும் வந்துது. பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து.