கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

போர்ட் கிள்ளான்வாசிகளுக்குத் திறந்தவெளி விருந்து என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சோங் ஹராப்பான் கடலோரம்தான். வெயில் தணிந்ததும் பாயை விரித்து, மீகூனையும் கறிபாப்பையும் எடுத்து வைத்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் விருந்து களைகட்டிவிடும். பாய் விரித்த இடத்தில் மின்செருகி ஏது? ஆகவே, மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி இன்று நம் விருந்துகளில் இன்றியமையாத பொருளாகிவிட்டது. குடும்ப நாள், பொங்கல் விழா, தாமான் தீபாவளி உபசரிப்பு என எதற்கும் அதைத்தான் தேடுகிறோம். ஆனால், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தாத்தாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளை அந்தக் கடலோரத்தில் கொண்டாடினோம். தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்து எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியவர். “பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளை” என்பதால் ஒலிபெருக்கி வாங்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. பெட்டியின்மேல் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடையில் போட்டுக் காட்டியபோது நெஞ்சே அதிர்ந்தது. வேறொன்றும் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

அன்று ஏறக்குறைய ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பாட்டு ஓடியவரை குறை தெரியவில்லை. தாத்தா மைக்கைப் பிடித்துத் தம் துறைமுகக் கதையைத் தொடங்கினார். முன்னால் இருந்தவர்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு அதுவும் கேட்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் மின்கலமும் தீர்ந்துபோனது. “பரவால்லய்யா, விடு. எல்லாரும் சாப்பிடுங்க” என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் தாத்தா உட்கார்ந்துவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வாட் என்பது சத்தத்தின் அளவன்று

வாட் என்பது ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்திறனைக் காட்டும் எண். காதில் விழும் ஒலியை டெசிபலில் அளப்பார்கள். மின்திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. மேலும், சில பெட்டிகளில் காணப்படும் மிகப் பெரிய எண், ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைக் குறிப்பதாக இருக்கும். தொடர்ந்து இயங்கும் திறனைக் குறிக்கும் ‘ஆர்எம்எஸ்’ வாட் எவ்வளவு என்று கேட்பதே முறை.

கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். சில பத்து வாட் திறனிலேயே அறிவிப்பு பல தெருக்களுக்குக் கேட்கும். கூம்பின் வடிவம் ஒலியை வீணாக்காமல் ஒரே திசையில் செலுத்துவதே அதற்குக் காரணம்.

சுவர் இல்லாத இடம்

கடைக்குள் நான்கு சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பியனுப்புகின்றன. அதனால் சிறிய பெட்டிகூடப் பெரிதாக முழங்கும். வெட்டவெளியில் போன ஒலி திரும்பி வராது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 90 டெசிபல் என்றால், 2 மீட்டரில் 84, 4 மீட்டரில் 78, 8 மீட்டரில் 72, 16 மீட்டரில் 66. சாதாரண உரையாடலே ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். கடற்காற்றும் ஐம்பது பேரின் பேச்சும் சேர்ந்தால் கடைசி வரிசைக்கு என்ன மிஞ்சும்?

உருமி மேளத்தின் அதிர்வைத் தருவது தாழ்ந்த ஒலி. பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளோ பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில்தான் தெளிவு பெறுகின்றன. ஆகவே, அதிர்வைக் கூட்டிக் காட்டும் பெட்டியில் பேச்சு மழுங்கிவிடும். வாங்கும்முன் பாட்டை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். யாரையாவது பேசச் சொல்லி, கடைக்கு வெளியே தள்ளி நின்று கேளுங்கள்.

மின்கலக் கணக்கு

பலரும் அறிந்த ஜேபிஎல் சார்ஜ் 5 ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 40 வாட். மின்கலம் 27 வாட்-மணி. 20 மணி நேரம் வரை பாடும் என்பது நிறுவனத்தின் குறிப்பு. 27ஐ 20ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகவே செலவிட்டால்தான் இருபது மணி நேரம் தாங்கும். இடைவிடாமல் 40 வாட் இழுத்தாலோ நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். உண்மைப் பயன்பாடு இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும். இரண்டு எண்களும் பொய்யல்ல. ஆனால், இரண்டும் ஒரே மாலையில் சேர்ந்து கிடைக்கமாட்டா. நான்கு மணி நேர விருந்துக்கு, குறைந்தது அதைப் போல் இருமடங்கு நேரம் தாங்கும் என்று குறிப்பிடப்பட்ட பெட்டியைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் எதிரி. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒலிபெருக்கியை விட்டுச் செல்லாதீர்கள்.

மைக் செருக இடம் உண்டா?

கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றில் மைக் செருகும் துளை இருக்காது. கைப்பேசியில் பேசி புளூடூத் வழியே அனுப்பலாமே என்றால், குரல் சற்றுத் தாமதமாக வரும், பேசுபவர் தடுமாறிப்போவார். பார்ட்டிபாக்ஸ் 110 போன்ற பெரிய பெட்டிகளில் மைக்குக்கும் கித்தாருக்கும் தனித்தனித் துளைகள் உண்டு. ஆனால், அதன் எடை 10 கிலோவுக்கு மேல். யார் தூக்குவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்!

மழையும் உப்புக் காற்றும்

‘ஐபி’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் எண் தூசுக்கும் இரண்டாம் எண் நீருக்கும் உரியது. ஐபி67 என்றால் தூசு புகாது; 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். இந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. ஐபி67 பெட்டியில் கடல்நீர் பட்டால் நன்னீரில் அலசித் துடைத்து, நன்கு காய்ந்த பிறகே மின்னூட்டம் செய்ய வேண்டும்.

வைக்கும் இடம்

காசு செலவில்லாத வழி இதுதான். ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர்களின் உடல்களே ஒலியை மறைத்துவிடும். தலைக்கு மேலான உயரத்தில் உறுதியாக வையுங்கள். மைக்குக்கு முன்னால், கூட்டத்தை நோக்கியபடி இருக்கட்டும். மைக் அதன் எதிரே வந்தால் ‘கீ’ என்று அலறும். ஒரு பெரிய பெட்டியை முன்னால் முழங்கவிடுவதைக் காட்டிலும், இரண்டு சிறிய பெட்டிகளை இணைத்து ஒன்றைக் கூட்டத்தின் நடுப்பகுதிக்கு அருகில் வைப்பது நல்லது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்; அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலி சுவரையும் ஊடுருவும் என்பதால், இரவானதும் முதலில் அதைக் குறைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் முக்கியமல்லவா?

அடுத்த பொங்கலைத் தாமான் திடலில் கொண்டாடினோம். இம்முறை நண்பரிடமிருந்து 100 வாட் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, மேசைமேல் நாற்காலியிட்டு அதன்மேல் கட்டி வைத்தேன். தாத்தா மைக்கை வாங்கத் தயங்கினார். “இந்தத் தடவை கேக்கும் தாத்தா” என்றேன். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

பாதியில், கடைசி வரிசையில் இருந்த என் சித்தி மகள் எழுந்து நின்று, “தாத்தா, போர்ட் சுவெட்டன்ஹாம்னா எங்க இருக்கு?” என்று கத்திக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். 1901இல் திறக்கப்பட்ட நம் துறைமுகத்தின் பழைய பெயர் அது என்றும், 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று என்றும் தாத்தா அவளுக்கு விளக்கினார்.

எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கடைசி வரிசையில் ஒவ்வொரு சொல்லும் விழுந்திருக்கிறது. நண்பர்களே, ஒலிபெருக்கி வாங்கப் போகும்போது பெட்டியின்மேல் உள்ள எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அன்று மைக்கைப் பிடிக்கப்போகிறவர் யார், கடைசி வரிசையில் அமரப்போகிறவர் யார் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.