பிரேக் பெடல் அதிர்கிறதா? காலை எடுத்துவிடாதீர்கள்!

மழை பெய்து ஓய்ந்த சாலை. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்கிறது. நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். உடனே காலுக்கு அடியில் பெடல் தடதடவென்று அதிர்கிறது. காரின் முன்பக்கத்திலிருந்து ‘கர்ர்ர்’ என்று சத்தம் வருகிறது. பிரேக்கில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து சிலர் காலைத் தூக்கிவிடுவார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது!

அது கோளாறு இல்லை. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்களுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால், அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்பது பலருக்கும் தெரியாது.

ஏன் அதிர்கிறது?

பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்று, டயர் வழுக்கிக்கொண்டே போகும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. இதைத் தடுக்கத்தான் சக்கரங்களில் சென்சார்கள் இருக்கின்றன. சக்கரம் நின்றுவிடப்போகிறது என்று தெரிந்ததும் ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி கூட்டுகிறது. ஒரே நொடிக்குள் பல முறை இப்படி நடக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் காலில் அதிர்வாகத் தெரிகிறது. உள்ளே வால்வும் பம்ப்பும் இயங்குவதுதான் சத்தம். பைக்கில் இதே துடிப்பு பிரேக் லீவரில், விரல்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்து கார்களில் பிரேக்கை ‘விட்டு விட்டு மிதி’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஏ.பி.எஸ். காரில் அந்த வேலையை அதுவே செய்துவிடும். நீங்கள் அழுத்திய காலை எடுக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகினால் போதும்.

காரை ஸ்டார்ட் செய்து நகரும்போது ‘டக்’ என்றோ ‘ர்ர்ர்’ என்றோ லேசாகச் சத்தம் கேட்கலாம். ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதால் வருவது அது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கும் சில நொடிகள் எரிந்து அணையும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

* மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால். சாதாரண பிரேக் பிடிக்கும், ஏ.பி.எஸ். உதவிக்கு வராது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் காரை ஓரமாக நிறுத்திவிடுங்கள், ஓட்ட வேண்டாம்.

* காய்ந்த சாலையில், சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போதெல்லாம் பெடல் துடித்தால். சென்சாரில் அழுக்கோ, ஒயரில் பழுதோ இருக்கலாம்.

* வேகத்தில் போகும்போது லேசாக மிதித்தாலே ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடினால். பிரேக் டிஸ்க் சமமாக இல்லாமல் போயிருக்கலாம்.

* ஒவ்வொரு முறையும் ‘கிரீச்’ என்று கேட்டால். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம்.

ஒரு விஷயம்... ஏ.பி.எஸ். இருந்தால் கார் உடனே நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். மணலிலும் ஜல்லியிலும் நிற்க இன்னும் அதிக தூரம்கூட ஆகலாம். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.

வீட்டில் மகனோ மகளோ புதிதாக கார் ஓட்டக் கற்றிருக்கிறார்களா? ஆளில்லாத, ஈரமான மைதானத்தில், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். அந்த அதிர்வு காலுக்குப் பழகிவிட்டால், நிஜமான அவசரத்தில் பயந்து காலை எடுக்க மாட்டார்கள்.