வந்தே பாரத் ரயில் புறப்பட்ட பிறகும் டிக்கெட்: 15 நிமிட முன்பதிவு எப்படிச் செயல்படுகிறது?

திருவனந்தபுரம்: தொடக்க நிலையத்திலிருந்து வந்தே பாரத் ரயில் புறப்பட்டுவிட்டால், காலி இருக்கை இருந்தாலும் வழியிலுள்ள நிலையங்களில் டிக்கெட் கிடைக்காது என்பதே முன்பிருந்த நிலை. தெற்கு ரயில்வே 2025 ஜூலையில் இதை மாற்றியது. வழியிலுள்ள நிலையத்திலிருந்து ரயில் புறப்படுவதற்கு 15 நிமிடங்கள் முன்பு வரை இப்போது முன்பதிவு செய்யலாம். முதற்கட்டமாக 8 வந்தே பாரத் ரயில்களில் இந்த வசதி அறிமுகமானது. ஆலப்புழை வழியாகச் செல்லும் திருவனந்தபுரம் - மங்களூரு ரயில், இரு திசைகளிலும் இப்பட்டியலில் உள்ளது.

புதிய பெட்டியோ கூடுதல் இருக்கையோ இதற்குத் தேவைப்படவில்லை; மாறியது கணினி நிரல் மட்டுமே. ரயில்வேயின் முன்பதிவுக் கணினி அமைப்பைப் பராமரிப்பது, 1986-ல் தொடங்கப்பட்ட ரயில்வே தகவல் அமைப்பு மையமான 'கிரிஸ்'. ரயில் கிளம்பியதும் அந்த ரயிலுக்கான விற்பனையை இந்த அமைப்பு மூடிவிடும். ஒருவர் திருவனந்தபுரத்தில் ஏறி கொல்லத்தில் இறங்கினால், அந்த இருக்கையை அதன்பின் யாரும் வாங்கவில்லை என்றாலும் அது மங்களூரு வரை காலியாகவே செல்லும். புதிய முறையில், ஒவ்வொரு நிலையத்திலும் மீதமுள்ள தூரத்துக்கு எந்த இருக்கை காலி என்பதைக் கணினி பார்த்து விற்பனைக்குத் திறக்கிறது. இதைத்தான் 'கரன்ட் புக்கிங்' என்கிறார்கள்.

ஒரே இருக்கை வழியில் இரண்டு, மூன்று முறை விற்கப்படுவது புதிதல்ல. கேரள வந்தே பாரத் ரயில்களில் இருக்கை நிரம்பும் அளவு 100 சதவீதத்தைத் தாண்டுவதாக வரும் செய்திகளுக்கும் இதுவே காரணம். யாரும் நின்றுகொண்டு செல்வதில்லை. அதே காரணத்தால் இந்த வசதியை அளவுக்கு மீறி நம்புவதற்கும் இல்லை. ஓணம் போன்ற பண்டிகைக் காலத்தில், காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும் ரயிலில் கடைசி 15 நிமிடத்தில் இடம் கிடைப்பது அரிது. திடீரென மருத்துவமனைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ செல்ல வேண்டியவருக்கு, சாதாரண வார நாளில் இது உதவும்.

கவனிக்க வேண்டியது பணம். இம்முறையில் எடுத்த டிக்கெட்டைப் பயணி ரத்து செய்தால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே, நிலையத்தை உரிய நேரத்தில் சென்றடைய முடியும் என்று உறுதியான பிறகே பணம் செலுத்துவது நல்லது.

அதே மாதத்தில் ரயில்வே வாரியம் செய்த மற்றொரு மாற்றமும் இதனுடன் சேர்த்துப் பார்க்கத்தக்கது. புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன்பு தயாரான முன்பதிவு அட்டவணை, 8 மணி நேரம் முன்பே தயாரிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் இடம் உறுதியாகவில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து பேருந்தையோ வேறு ரயிலையோ தேடிக்கொள்ள இதனால் அவகாசம் கிடைக்கிறது. ஊரிலிருந்து நிலையத்துக்கே இரண்டு மணி நேரம் பயணித்து வருவோருக்கு இது சிறிய உதவி அல்ல.

முன்பதிவில்லாப் பயணிகளுக்கும் சீசன் டிக்கெட் வைத்திருப்போருக்கும் யுடிஎஸ் செயலி முன்பே இருந்தது. 2025 ஜூலை 1-ல் வெளியான 'ரயில்ஒன்' செயலி, முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், நடைமேடை டிக்கெட் ஆகியவற்றை ஒன்றாக்கியது. திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு டிக்கெட் வரிசை இதனால் மிச்சமாகலாம். பெட்டிக்குள் உள்ள நெரிசலைச் செயலி குறைக்காது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு முன்பதிவு மையமே வழி. ஆனால் 15 நிமிடக் கெடு நெருங்கும்போது, அங்கு அவருக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே அவரது பயணத்தைத் தீர்மானிக்கிறது.