விபத்தில் காயமா? நஷ்ட ஈடு கைக்கு வர எவ்வளவு காலம்?

விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுகிறார் ஒரு விவசாயி. பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளுகிறது. தொடை எலும்பு முறிகிறது. கட்டுடன் வீடு திரும்பியதும் அவர் கேட்பது, "நஷ்ட ஈடு எப்போது வரும்?" என்பதுதான்.

தகராறு இல்லாவிட்டால் சில மாதங்களில் வரலாம். தகராறு வந்தால் சில ஆண்டுகளும் ஆகலாம். ஆனால் தாமதத்தில் ஒரு பகுதியை விவசாயியே குறைத்துக்கொள்ள முடியும்.

சட்டம் வைத்துள்ள கெடு

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் 30 நாட்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும். கம்பெனி சொல்லும் தொகையை ஏற்றால் வழக்கு முடிந்தது. ஏற்காவிட்டால் சாட்சி, டாக்டர் விசாரணை, வாதம் என்று நீளும். ஹைகோர்ட்டில் அப்பீல் ஆனால் மேலும் நீளும்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். வட்டி பெரும்பாலும் மனுச் செய்த தேதியிலிருந்தே கணக்கிடப்படுவதால், தள்ளிப்போடுவது நஷ்டம்.

அவசரக் கையெழுத்து வேண்டாம்

மனுவை உடனே கொடுக்கலாம். சமரசத்துக்கு அவசரம் கூடாது. எலும்பு கூடி, ஊனம் எவ்வளவு என்று டாக்டர் முடிவாகச் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கிடைத்ததை வாங்கிக் கையெழுத்திட்டால், பிறகு கால் கட்டையானாலும் மீண்டும் கேட்க முடியாது.

டாக்டர் 20 சதவீத ஊனம் என்று எழுதலாம். ஆனால் சேற்றில் இறங்கி ஏர் பிடிக்க முடியாதவருக்குச் சம்பாதிக்கும் சக்தி 40 சதவீதம் குறைந்திருக்கலாம். இவை இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010ல் தீர்ப்பளித்துள்ளது. 42 வயதுக்காரரின் மாத வருமானம் ரூ.12,000 என்று வைத்துக்கொண்டால், அந்த வயதுக்கு 14 ஆண்டு வருமானம் கணக்கில் வரும். 20 சதவீதத்துக்கு ரூ.4,03,200, 40 சதவீதத்துக்கு ரூ.8,06,400. வைத்தியச் செலவும், வலி வேதனைக்கான தொகையும் தனி.

என்னென்ன காகிதம்?

"நிலம் அங்கேயேதான் இருக்கிறது, விளைச்சலும் வருகிறது, நஷ்டம் எங்கே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். விவசாயியின் உழைப்புக்கும் மேற்பார்வைக்கும் உள்ள மதிப்பைத்தான் கோர்ட் பார்க்கும். எனவே கீழ்க்கண்டவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்:

• முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்றிதழ், ஆஸ்பத்திரி பில்கள், எக்ஸ்ரே படங்கள்.

• சிட்டா, அடங்கல் நகல்கள்.

• ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, பால் சங்கப் பட்டுவாடாச் சீட்டு.

• விபத்துக்குப் பின் ஆள் வைத்து உழுதது, தண்ணீர் பாய்ச்சியது, அறுத்தது ஆகியவற்றின் கூலிக் கணக்கு. தேதி போட்டு, கூலி வாங்கியவரின் கையொப்பமோ கைநாட்டோ பெற்று வைப்பது நல்லது.

இவை முதல் நாளிலேயே வக்கீல் கையில் இருந்தால் பல வாய்தாக்கள் மிச்சமாகும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் இலவச உதவி கிடைக்கும். ஊனச் சான்றிதழ் கைக்கு வந்தபின் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கு முடிந்தால் அப்பீல் இல்லை. பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கும் கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.